போடிமெட்டு இறக்கமும் சோழவரம் ஓடுதளமும்

வெள்ளிக்கிழமை காலை, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர். எங்கள் குடும்பத்தில் பெரியகுளத்துக்கு ஒரு துக்கம் விசாரிக்கப் போனால்கூட ஐந்து பேருக்குக் குறையாமல் கிளம்புவது வழக்கம். இந்தப் பயணத்துக்கு நானும் என் மகன் சேகரும் மட்டுமே. மூன்றாவது ஆளுக்கு அந்தக் காரில் இடம் கிடையாது.

அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேலே துணிக் கூரை. மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை, என் மகன் இரண்டு வருடச் சம்பாத்தியத்தைப் போட்டு வாங்கினான். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவோடு ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறான். துணிக் கூரையின் கம்பி வளைந்துவிட்டதால் அதை முழுதாக மூட முடியாது. இருக்கையோ தரையிலிருந்து ஒரு சாண் உயரம். என் கணவர் ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கித்தான் வெளியே எடுத்தோம்.

"என்னால ஆகாது. நீதான் போகணும்" என்றார் என்னிடம். "அங்க கார் ஓட்டப் பழக்குற வாத்தியார் என்ன சொல்றாகன்னு காதால கேட்டுட்டு வா. இவன் ஓட்டத் தெரிஞ்சவன்னு சொன்னா வண்டி இருக்கட்டும். இல்லைன்னா வர்ற வழியில திண்டுக்கல்லுலயே அந்த ஆள்ட்ட விட்டுட்டு பஸ் ஏறிருங்க."

திண்டுக்கல்லில் ஒரு கடைக்காரர் காரை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். இப்படி ஒரு பேச்சு வீட்டில் எழுந்ததற்குக் காரணம், மூன்று மாதத்துக்கு முன் போடிமெட்டு இறக்கத்தில் நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

போடியிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் முந்தல். அங்கிருந்து சாலை மலையேறுகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் போடிமெட்டு, அதற்கப்புறம் கேரளம். ஏலக்காய்க்காரர்கள் எல்லோரும் வாரத்தில் மூன்று நாளாவது ஏறி இறங்கும் பாதை. ஏறும்போது பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும். அதை ஈடுகட்ட எங்கள் பக்கத்து ஜீப் டிரைவர்களிடம் ஒரு பழக்கம். போடிமெட்டு டீக்கடையைத் தாண்டியதும் என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டி தன் பாரத்திலேயே உருண்டு இறங்கும். வளைவுக்கு வளைவு ஹாரன், தேவைப்பட்டால் பிரேக், அவ்வளவுதான். முந்தல் வரைக்கும் சாவியைத் தொடாமல் வருகிறவர்தான் அங்கே கெட்டிக்காரர். என் மகன் வண்டி ஓட்டப் பழகியது அந்த ஜீப்புகளில்.

அன்றைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காதுகுத்து. முடித்துவிட்டு நானும் அவனும் இந்தக் காரில் இறங்கினோம். வழக்கம்போல என்ஜினை அணைத்தான். பாதி மலை வரைக்கும் காற்றுச் சத்தம் மட்டும்தான். எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. ஒரு வளைவில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று மேலே வந்தது. சேகர் பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். "அம்மா, பிரேக் பிடிக்கலைம்மா" என்று சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு மலைச் சுவர்ப்பக்கம் காரைத் திருப்பி மோதி நிறுத்தினான். மறுபக்கம் சுவர் கிடையாது. என் மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. காரின் முன்பக்கம் நசுங்கியது. பட்டறையில் பதினைந்து நாள் கிடந்து எழுந்துவிட்டது. நான் இன்னும் முழுதாக எழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மணிக்கட்டு சரியாகிவிட்டது. ஆனால் வீட்டில் மின்விசிறி நின்று திடீரென்று நிசப்தமானால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன்.

சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில், சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு வேகமாகவும் ஒழுங்காகவும் ஓட்ட இரண்டு நாள் பயிற்சி தருகிறார்கள் என்று கோவையிலுள்ள நண்பன் ஒருவன் சேகருக்கு எழுதியிருந்தான். "ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க" என்று சேகர் அப்பாவிடம் கேட்டான். அப்படித்தான் கிளம்பினோம்.

தேனியைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. பெரியகுளத்து மாந்தோப்புகளில் பூ விட்டிருந்தது. திறந்த காரில் அந்த வாசனை முகத்தில் அடித்தது. தலையில் மலைக்குப் போடும் கம்பளி மப்ளரைச் சுற்றி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன். காலுக்கிடையில் கட்டுச்சோற்றுத் தூக்கு. அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து எதிரே வரும் லாரிகளின் முகத்தை நான் பார்க்கவில்லை, சக்கரத்தின் அச்சைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு லாரிக்கும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அம்மா, அங்கன பிரேக் இல்ல" என்றான் சேகர்.

"இருக்கிற எடத்துலயும் இல்லாமத்தானடா போச்சு" என்றேன்.

வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் காரைச் சுற்றி வந்து, "பாதி வண்டிதான் வாங்கினீகளா? மேல் பாதி பெறகு வருமா?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் காசு வாங்க மறுத்தார். "இதுல உக்காந்து வர்றதுக்கே உங்களுக்கு நாங்க குடுக்கணும், ஆத்தா."

திண்டுக்கல்லில் கடைவீதி வழியாகத்தான் போனோம். காரை வாங்கக் காத்திருப்பவரின் கடை பூட்டியிருந்தது. சேகர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திருச்சியில் காவிரிப் பாலத்தைக் கடந்ததும் புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். அதற்குப்பின் வெயில். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மப்ளரை நனைத்து நனைத்துச் சுற்றிக்கொண்டேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளிச் சாலையில் என் மகன் நன்றாகவே ஓட்டினான். மாட்டு வண்டிக்கு ஒதுங்கினான், பள்ளிக்கூடம் விடும் இடத்தில் நின்றான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற நான், இருபத்தைந்து வருடமாக வரைபடத்தில் காட்டிய ஊர்களை எல்லாம் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக நேரில் பார்த்தேன். செங்கல்பட்டு ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. இருட்டுகிற நேரத்தில் பெரம்பூரில் என் நாத்தனார் வீடு சேர்ந்தோம். அவள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "ஏன் மதினி, மூஞ்சியெல்லாம் மண்ணு? நடந்தா வந்தீக?"

சனிக்கிழமை காலை சோழவரம். பெரம்பூரிலிருந்து முக்கால் மணி நேரம். பனைமரங்களுக்கு நடுவே சட்டென்று ஒரு சிமெண்டு வெளி விரிகிறது. முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. சிமெண்டுப் பாளங்களின் இணைப்புகளில் புல் முளைத்திருந்தது. தார் டிரம்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வளைவுகளைக் குறித்திருந்தார்கள். ஓரத்தில் வெள்ளாடுகள் மேய்ந்தன. அவற்றை விரட்டுவதற்கென்றே ஒருவர் பச்சைக் கொடியோடு நின்றார். பத்துப் பன்னிரண்டு கார்கள் வந்திருந்தன. பெரும்பாலும் வீட்டுக்கு ஓட்டுகிற சாதாரண கார்கள்தான். எங்கள் காரைப் போல இன்னொன்று, சிவப்பு நிறத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்தது. அம்மாவோடு வந்தவன் என் மகன் மட்டுமே.

பயிற்சி தருகிறவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். கோவைக்காரர், ராணுவத்திலிருந்து வந்தவர், என் வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கொட்டகையிலிருந்து தானே ஒரு நாற்காலி தூக்கி வந்தார்.

"இங்க நெழலுக்குக் கஷ்டமுங்க. கொடை கொண்டாந்திருக்கறீங்களா? நல்லதுங்க."

முதலில் மெதுவாக ஒவ்வொருவராகச் சுற்றச் சொன்னார். சேகரின் முறை வந்தது. கார் நேர்ச்சாலையில் போய் முதல் வளைவை நெருங்கியது. பாம், பாம். அடுத்த வளைவு. பாம், பாம். அடுத்ததிலும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஈ காக்கை இல்லாத அந்த வெளியில் என் மகன் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றி வந்தான். கொடிக்காரர்கூடச் சிரித்தார். ஆடுகள்தான் மரியாதையாக ஒதுங்கின.

"இன்னா பிரதர், ரூட் பஸ்ஸா? டிக்கெட் எவ்ளோ?" என்றான் ஒரு சென்னைப் பையன்.

கேப்டன் சிரிக்கவில்லை. "ஏனுங் தம்பி, ஆருக்கு ஹாரன் அடிக்கறீங்க?"

"எதுக்க வர்ற வண்டிக்கு சார்."

"இங்க எதுக்க ஒண்ணும் வராதுங்க. அல்லாரும் ஒரே பக்கந்தான் சுத்தறாங்க."

"தெரியும் சார். கை தானாப் போகுது." சேகரின் காது சிவந்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வேகம் கூட்டினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். உட்கார முடியவில்லை. நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் போட்டு, கியரைக் குறைத்து, வளைவில் திரும்ப வேண்டும். மற்ற கார்கள் அந்த இடத்தில் கர்ரென்று சத்தம் கூட்டித் திரும்பின. எங்கள் பச்சைக் கார் அங்கே வந்ததும் அதன் சத்தம் நின்றது.

அந்த நிசப்தம் எனக்குத் தெரியும். டிரம்கள் உருளும் சத்தம் கேட்பதற்கு முன்பே நான் ஓடத் தொடங்கியிருந்தேன். கார் இரண்டு சுற்றுச் சுற்றி, வைக்கோல் கட்டு ஒன்றைக் கிழித்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. சேகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. வைக்கோல்தான் தலையெல்லாம்.

கேப்டன் ஓடவில்லை, நடந்து வந்தார். குனிந்து கியரைப் பார்த்தார்.

"நியூட்ரல்ல கெடக்குது. எதுக்குத் தம்பி தள்ளுனீங்க?"

"தள்ளலை சார்." சொல்லிவிட்டு, தன் இடது கையைப் பார்த்தான். அது இன்னும் கியர்க் கோலின் மேல்தான் இருந்தது. "தள்ளிருக்கேன் போல."

நான்தான் எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொன்னேன். பெட்ரோல், இறக்கம், பதினேழு வளைவு, முந்தல் வரைக்கும் சாவியைத் தொடாத கெட்டிக்காரர்கள், அன்றைக்கு வந்த லாரி எல்லாவற்றையும். கேப்டன் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீங்க ஏறுங்க அம்மிணி. நான் ஓட்டறேன்" என்றார்.

மறுக்கத் தோன்றவில்லை. அவர் இரண்டு சுற்றுச் சுற்றினார். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்ததும், பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் கார் தானாக அடங்கியது. பிரேக்கை அவர் கிட்டத்தட்டத் தொடவேயில்லை.

"பாத்தீங்களா, என்ஜின் புடிச்சு வெக்குது. நியூட்ரல்ல உட்டா வண்டி உங்க பையங்கிட்ட இல்லீங்க, அது பாட்டுக்குப் போகுது. அப்பறம் எல்லாத்தையும் பிரேக் ஒண்ணே தாங்கோணும். சூடேறிப்போனா அதுவும் தாங்காதுங்க." பிறகு என் காலைப் பார்த்தார். "நீங்களும் நல்லாத்தான் பிரேக் புடிக்கறீங்க. செருப்புத் தேயப்போகுது."

மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சேகர் அந்த ஒரு வளைவையே திரும்பத் திரும்ப எடுத்தான். நான் பார்க்கவில்லை, கேட்டேன். குடைக்குள் கண்ணை மூடிக்கொண்டே எந்தச் சுற்று சரி, எந்தச் சுற்று தப்பு என்று என்னால் சொல்ல முடிந்தது. காலையில் பல தடவை சத்தம் அறுந்தது. சாயங்காலத்துக்குள் அது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

கிளம்பும் முன் கேப்டனிடம் நேராகவே கேட்டேன். "இவன் ஓட்டலாமா, வேண்டாமா? வீட்ல போயி என்ன சொல்லட்டும்?"

அவர் பச்சைக் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "உங்க பையனுக்குக் காலு நல்ல காலுங்க. கண்ணும் நல்ல கண்ணு. கையி மட்டும் உங்க மலையில பழகிப்போச்சு. ரெண்டு நாள்ல மறக்குமான்னா, சொல்லத் தெரியலீங்க. இந்த எடம் தட்டையான எடம். நீங்க பயப்படற எறக்கம் இங்க இல்லீங்களே. அத நீங்கதான் அங்க போயிப் பாக்கோணும்."

ஆம் என்றோ இல்லை என்றோ கேட்டு வாங்க ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் போனவள், இரண்டும் இல்லாமல் திரும்பினேன்.

திங்கட்கிழமை. போன வழிதான். அந்த நீளமான சாலையில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவானது. காரை விற்றுவிடலாம். விற்றாலும் புதன்கிழமை அவன் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவான். பெருமாளின் ஜீப்பில் போவான். பெருமாள் எங்கள் டிரைவர், நல்ல மனிதர். போடிமெட்டில் என்ஜினை அணைத்தால் முந்தலில்தான் மறுபடி போடுவார். கார் என் கண்ணை விட்டுப் போகும், அந்த நிசப்தம் போகாது.

திண்டுக்கல் கடைவீதி முனையில் சேகர் வேகத்தைக் குறைத்தான். இந்தத் தடவை கடை திறந்திருந்தது. பஸ் நிலையத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அவன் என்னைப் பார்க்காமல், "இங்கன திரும்பணும்மா" என்றான்.

"நேரா போ."

"அப்பாட்ட என்ன சொல்லுவ?"

"இன்னும் பாடம் முடியலைன்னு சொல்லுவேன். நேரா போடா, பின்னால பஸ்காரன் கத்துறான்."

பாடம் முடியவில்லை என்று வீட்டில் சொல்லி, செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு விடுப்பை ஒரு நாள் நீட்டிவிட்டு, அவனோடு போடிமெட்டுக்கு ஏறினேன். மேலே பனி இருந்தது. டீக்கடையைத் தாண்டி, சாலை கீழே சரியும் இடத்தில் காரை நிறுத்தினான். வழக்கமாகச் சாவியை அணைக்கும் இடம் அதுதான். அணைக்கவில்லை. இரண்டாவது கியரில் போட்டு இறங்கத் தொடங்கினான்.

என்ஜின் இறக்கம் முழுவதும் முனகியது. வளைவுக்கு வளைவு அவன் ஹாரன் அடித்தான். இங்கே யாரும் சிரிக்கப் போவதில்லை. பாதி வழியில் பின்னால் ஒரு ஜீப் சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டு, ஹாரன் மேல் ஹாரன் அடித்து, கடைசியில் எங்களைத் தாண்டிப் போனது. பெருமாள்தான். போகிற போக்கில், வண்டிக்கு என்ன ஆச்சு என்பதுபோல் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு மோதிய வளைவு வந்தது. மலைச் சுவரில் எங்கள் கரும்பச்சைப் பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

முந்தல் டீக்கடையில் பெருமாள் காத்திருந்தார்.

"என்ன தம்பி, எறக்கத்துல போயி பெட்ரோலக் குடிக்க விடுறீக? மாடுகூட எறக்கத்துல தீனி கேக்காதே! மெட்ராஸ்ல போயி இதத்தான் படிச்சிட்டு வந்தீகளா?"

சேகர் சிரித்துச் சமாளித்தான். நான் காரிலிருந்து இறங்கினேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

"இப்ப நீ மட்டும் போயிட்டு வா."

அவன் என்னையே பார்த்தான். "நெசமாவா?"

"நான் பக்கத்துல இருந்தா உன் கை எனக்குப் பயப்படுது. போயிட்டு வா."

அவன் போனபின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெருமாள் டீயை என் கையில் கொடுத்தார். "மகன மேல அனுப்பிட்டு நீங்க இங்கன உக்காந்துட்டீகளே, டீச்சரம்மா. அவுக வர ரெண்டு மணி நேரமாகுமே."

"ஆகட்டும்."

ஏறிப்போகும் சத்தம் மலைக்குள் மெல்ல மறைந்தது. இறங்கி வருகிற வண்டிகளின் கடைசி நான்கைந்து வளைவுகள் முந்தலுக்குக் கேட்கும். பல வருடமாக அந்த வழியில் போய்வருகிறேன், அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு ஜீப் வந்தது. ஹாரன், நிசப்தம், ஹாரன், நிசப்தம். பிறகு இன்னொன்று, அதுவும் அப்படியே. பிறகு ஒரு லாரி. இரண்டாவது டீ ஆறிப்போனது.

மத்தியானம் ஆகப்போகிற நேரத்தில், தூரத்தில், பாம் பாம். அந்த ஹாரன் எனக்குத் தெரியும். அதன் பின்னால் மெல்லிய முனகல், அறுபடாமல். அடுத்த ஹாரன், மறுபடி முனகல். பெருமாள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அவரும் கேட்கிறார் என்பது தெரிந்தது.

கடைசி வளைவுக்கு முந்திய இறக்கத்தில் சத்தம் நின்றது.

நான் எழுந்துவிட்டேன். வலது கால் மண்ணை அழுத்தியது. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். மலையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கர்ரென்று, முன்னைவிட உரக்க, என்ஜின் பிடித்தது. கை போயிருக்கிறது. போன கை திரும்பியிருக்கிறது. நான் பக்கத்தில் இல்லை. யாரும் சொல்லவில்லை.

சோழவரத்தில் எதிரே ஒன்றும் வராது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். அதை நான் தடுக்க முடியாது. பச்சைக் கார் வளைவில் திரும்பி, சாதுவாக இறங்கி, டீக்கடை முன் நின்றது.

"அம்மா, கேட்டுச்சா?" என்றான் சேகர். "அந்த ஒரு எடத்துல கை போயிருச்சு."

"கேட்டுச்சு" என்றேன். "திரும்பி வந்ததும் கேட்டுச்சு."

ஆறிய டீயைக் குடித்தேன். டம்ளர் கீழே விழவில்லை. பெருமாள் தன் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார். கிளம்பும் முன் தலையை வெளியே நீட்டி, "எத்தனாவது கியருல தம்பி வந்தீக?" என்று கேட்டார்.